நாலு மணி நேரத் தூரம்

1

போன வாரம் அப்பாவுக்கு வருசம் முடிந்தது.

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். அப்பாவைப் புதைத்த இடம் மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். திருச்சியிலிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி வீட்டு வாசலில் இறங்கக் காரில் இன்னொரு மூன்று மணி நேரம். காலையில் இங்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஊரில் காபி குடித்துவிடலாம்.

இதை நாலு வருசம் என் வீட்டாரிடம் மறைத்தேன்.

அவர்களைப் பொறுத்தவரை நான் கனடாவில், டொராண்டோவில் இருந்தேன். பொய்யில்லை, ஏழு வருசம் அங்கேதான் இருந்தேன். அங்கிருந்து ஊருக்கு வர முப்பது மணி நேரம் ஆகும். பிறகு கம்பெனி என்னைக் கோலாலம்பூர் கிளைக்கு மாற்றியது. மாற்றியதை ஊரில் சொல்லவில்லை. விசயம் அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் பிரிவைப் பற்றியும் ஏக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். அப்படி எழுத எனக்கு வாயில்லை. தூரம் குறைந்துவிட்டதே என்று பயந்தவன் நான்.

2

அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அரியலூரைச் சுற்றியிருக்கும் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குக் கல், ஆலையிலிருந்து சேலம் வரைக்கும் மூட்டை. இத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண? எத்தன மணி நேரம்னு சொல்லு" என்பார்.

நான் முதல் தடவை கனடா கிளம்பியபோதும் அதையேதான் கேட்டார்.

"முப்பது மணி நேரம்ப்பா."

"நடுவுல நிறுத்துவானா?"

"ஒரு எடத்துல எறங்கி வேற பிளேன் மாறணும்."

"டிரைவர மாத்துவாங்களா?"

"மாத்துவாங்க."

"அப்ப சரி" என்றார். அவருடைய கவலை அதோடு தீர்ந்துவிட்டது.

அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அக்கா வளர்மதி என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருசன் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பெரம்பலூரில் என்ஜினியரிங் படித்த நாலு வருசமும் துவைத்து மடித்த சட்டையைத் தவிர வேறெதையும் நான் போட்டதில்லை என்றால் அது அவள் கையால்தான்.

கோலாலம்பூர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். வாட்ஸப்பில் என் பழைய கனடா நம்பர்தான். "குளிரு எப்படிடா இருக்கு?" என்றாள். வெளியே இடி இடித்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

"பரவால்லைக்கா" என்றேன்.

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் வா என்பார்கள். கோயில் திருவிழாவுக்கு, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு, வரப்புச் சண்டைக்கு எல்லாம் வா என்பார்கள். டொராண்டோவில் இருந்தவரைக்கும் யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. "அவன் எங்கடா வருவான், பாவம்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பாவத்தை இழக்க எனக்கு மனசில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. ஒரு மாதம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விட்டது.

3

அக்கா ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். இங்கே அப்போது ஒன்பதரை. டொராண்டோவில் சனிக்கிழமை ராத்திரி. எனவே ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பதே காலுக்கு எங்கள் வீட்டில் ராத்திரி ஆக்குவேன். ஜன்னலில் இருந்த திரை போதவில்லை. அதன் மேல் கருநீலப் போர்வை ஒன்றை மாட்டினேன். லைட்டைப் போட்டு, ஏசியைக் குறைத்து, பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

என் மனைவி மாலா முதல் இரண்டு மாதம் சண்டை போட்டாள். "இது நல்லால்ல. பெரியவருகிட்ட போயி இப்படியா?" என்றாள். பிறகு அந்த நேரத்துக்கு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் மகள் இனியாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு இது விளையாட்டு. போர்வையை மாட்ட நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். "அத்த, இங்க பனி விழுது" என்று நான் சொல்லிக்கொடுக்காமலே சொன்னாள். நான் சிரித்தேன். அன்றைக்கு அவளை அடித்திருக்க வேண்டும். அதைவிட, என்னை நானே.

அவள் பள்ளியில் மலாய் படித்தாள். ஒருநாள் தாத்தா ஏதோ கேட்டதற்கு "போலே!" என்றாள். மலாயில், முடியும், சரி என்று அர்த்தம்.

"அது என்ன பாசைடா?" என்றார் அப்பா.

"பிரெஞ்சுப்பா. கனடாவுல அதுவும் உண்டு."

அதிலிருந்து அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பேத்தியைப் பார்த்ததும் "போலே, போலே" என்பார். பேத்தியின் பிரெஞ்சைத் தானும் கற்றுக்கொண்டுவிட்ட சந்தோசம்.

4

இரண்டாம் வருசம் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அக்கா அழுதாள். "ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போடா" என்றாள். டிக்கெட் இல்லை, லீவு இல்லை என்று மூன்று வாரம் கடத்திவிட்டுப் போனேன். இங்கே வாங்கிய சாக்லேட் டப்பாக்களில் மலேசிய விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்கினேன். தோளில் குளிர்கோட்டு.

ஐந்து நாள் இருந்தேன். மூன்றாம் நாள் அக்கா அங்கன்வாடிக்குப் போயிருந்தபோது அப்பா படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டார். நான்தான் சுத்தம் செய்ய வேண்டும். அவரைப் புரட்டினேன். முதுகில் கை வைத்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவரை அப்படியே பாதியில் விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி உள்ளே போகவில்லை. அக்கா வரும்வரை இரண்டு மணி நேரம் வாசலில் நின்றேன். அப்பா ஒரு சத்தமும் போடவில்லை. அக்கா வந்தாள், பார்த்தாள், வெந்நீர் போட்டாள்.

கோலாலம்பூர் திரும்பியதும் தீர்மானித்துக்கொண்டேன். இனி இந்த முப்பது மணி நேரம்தான் எனக்குக் காவல்.

5

நாலாம் வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னாள்: "பெரம்பலூர்ப் பொண்ணு ஒண்ணு, கலைச்செல்வின்னு பேரு, நர்சு. டொராண்டோவுக்கு வேலைக்கு வருது. எங்க டீச்சருக்குச் சொந்தம். முந்திரி குடுத்து உட்டுருக்கேன். இந்த வருசம் நம்ம மரத்துல நல்லா காச்சுது."

"எதுக்குக்கா அதெல்லாம்? வேணாம்."

"குடுத்தாச்சு. உன் அட்ரஸையும் எழுதிக் குடுத்துட்டேன்."

டொராண்டோ வீட்டுக்காரருக்குப் போன் செய்து, யாராவது வந்தால் வாங்கி வையுங்கள், நான் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஆபீஸில் அந்த வாரம் வேலை அதிகம். மறந்துபோனேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா கேட்டாள். "முந்திரி வந்து சேந்துதாடா?"

"வந்துச்சுக்கா. இனியாவே பாதியத் தின்னுட்டா."

அக்காவின் முகம் திரையில் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நல்லது" என்றாள்.

அதன் பிறகும் ஞாயிறு தோறும் கூப்பிட்டாள். குளிரைப் பற்றி முன்னைவிட அதிகமாக விசாரித்தாள். பனி எத்தனை அடி, ரோட்டில் நடக்க முடிகிறதா, அங்கே இப்போது மணி என்ன என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்பாவும் பின்னால் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

6

அப்பா போனது ஒரு புதன்கிழமை விடியற்காலை. நான் ஆபீஸுக்குக் கிளம்பி லிஃப்டுக்கு நின்றபோது அக்காவின் போன் வந்தது. அழவில்லை.

"அப்பா போயிட்டாருடா."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

"நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. ஐஸ் பொட்டி சொல்லிட்டேன். அதுக்குள்ள வந்துடுவியா?"

"எப்படிக்கா? முப்பது மணி நேரம். டிக்கெட் வேற கெடைக்கணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பத்து மணிக்குள்ள வந்துட முடியுமா?"

"முடியாதுக்கா. தூரம்."

"சரி" என்றாள்.

போனை வைத்ததும் அதே இடத்தில் நின்று, கோலாலம்பூர், திருச்சி என்று தட்டிப் பார்த்தேன். நாலு மணி நேரம். அன்று சாயங்காலமே ஒரு விமானம். சீட் இருந்தது. ஏறினால் மறுநாள் பொழுது விடிவதற்குள் அப்பாவின் தலைமாட்டில் இருப்பேன். ஆனால் எங்கள் ஊரில் சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் நிறையப் பேர். கனடாவிலிருந்து ஒரே நாளில் எப்படி வந்தாய் என்று ஒருவன் கேட்டால் போதும். பிணத்துக்கு முன்னால் நான் மாட்டிக்கொள்வேன். நான் யோசித்தது அதைத்தான். அப்பாவை யோசிக்கவில்லை. லிஃப்டு வந்தது. ஏறி ஆபீஸுக்குப் போனேன்.

சாயங்காலம் அக்காவுக்குச் சேதி அனுப்பினேன். வியாழக்கிழமை ராத்திரிக்குத்தான் டிக்கெட், சனிக்கிழமை வந்துவிடுவேன் என்று.

மறுநாள் அடக்கத்தை வீடியோவில் காட்டினார்கள். இங்கே பகல் பன்னிரண்டரை. டொராண்டோவில் ராத்திரியாக இருக்க வேண்டுமே என்று அன்றைக்கும் போர்வையை மாட்டினேன். மாலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பங்காளி ஒருவன் போனைப் பிடித்திருந்தான். முதல் பிடி மண் யார் போடுவது என்று பேச்சு வந்தது. பொம்பளை இங்கே வரைக்கும் வந்ததே தப்பு என்றார் ஒரு பெரியவர். அக்காவின் குரல் கேட்டது:

"வர வேண்டியவன் தூரத்துல இருக்கான். பக்கத்துல இருந்தவ நான்தான். நான் போடறேன்."

குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நேரம் ஆக வேண்டும் அல்லவா. முப்பது மணி நேரம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை விமானம் ஏறினேன். நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்து, முப்பது மணி நேரம் உட்கார்ந்து வந்தவன் போல நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். சனங்கள் வழி விட்டார்கள். "எம்புட்டுத் தூரத்துலேருந்து வருது புள்ள. பெத்த அப்பன் மொகத்தப் பாக்கக் குடுத்து வெக்கலியே" என்று ஒரு சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "களைப்பா இருக்கும். படு" என்றாள். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருந்தேன். அதையும் நடித்தேன்.

7

பன்னிரண்டாம் நாள் வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட ஜெயங்கொண்டத்தில் இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் ஒரு பெண் இருந்தாள். அக்காவின் ஆதாரை வாங்கி அடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார் வெளிநாடா? அங்க இருக்கற அட்ரஸ் சொல்லுங்க."

டொராண்டோ முகவரியைச் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டு நம்பரைத்தான் சொல்லியிருப்பேன்.

"அது பழைய அட்ரஸும்மா" என்றாள் அக்கா. மணிபர்சிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசை மேல் விரித்தாள். "இத அடிங்க." அந்தப் பெண் படிக்கச் சிரமப்படுவாளோ என்று தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிளாக் நம்பர். மாடி. வீட்டு எண். ஜாலான் என்று தொடங்கும் எங்கள் தெருப் பெயர். கடைசியில், கோலாலம்பூர்.

"மலேசியாவா சார்? எங்க மாமனார் தம்பியும் அங்கதான். நெனச்சா வந்துட்டு நெனச்சாப் போவாரு" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தட்டினாள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மீன்சுருட்டி பஸ்சுக்கு நேரம் இருந்தது.

"எப்பலேருந்துக்கா தெரியும்?"

"கலைச்செல்வி முந்திரிய எடுத்துக்கிட்டு அங்க போன அன்னையிலேருந்து. நீ காலி பண்ணி மூணு வருசத்துக்கு மேல ஆச்சுன்னு வீட்டுக்காரரு சொன்னாராம். லெட்டரு வந்தா அனுப்பறதுக்கு நீ எழுதிக் குடுத்த அட்ரஸ அவருதான் குடுத்தாரு. முந்திரிய அவருகிட்டயே குடுத்துட்டா."

ஐந்து மாதம். இருபதுக்கும் மேல் ஞாயிற்றுக்கிழமை.

"ஏங்கா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். வாராவாரம் பாத்தேன். அப்பா செத்த அன்னைக்கு ரெண்டு வாட்டி கேட்டேன்."

எதிரே ஒரு பஸ் கண்டக்டர் கும்பகோணம், கும்பகோணம் என்று கத்திக்கொண்டிருந்தான். அக்காவே சொன்னாள்.

"அப்பாகிட்டயும் சொன்னேன். கோவத்துலதான் சொன்னேன். ஒன் மவன் பண்ணியிருக்கறதப் பாருன்னு. எத்தன மணி நேரம்னு கேட்டாரு. போன்ல பாத்து, திருச்சியிலேருந்து நாலு மணின்னேன். திட்டுவாருன்னு பாத்தா, சிரிக்கறாரு. வாயெல்லாம் கோணிக்கிட்டுச் சிரிக்கறாரு. 'நாலு மணி நேரமா? லோடு வண்டியில சேலம் போற நேரந்தான். இவ்வளவு கிட்டக்கவா இருக்கான்? வந்துருவான்'னாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிறுத்தவில்லை.

"அதுலேருந்து ஞாயித்துக்கெழம ஆனா சவரம் பண்ணி உடச் சொல்லுவாரு. நீ ஜன்னல்ல போர்வையக் கட்டிக்கிட்டு ராத்திரின்னு பேசுவ. அதப் பாத்துட்டு, 'வெயிலு அடிக்குது போல, மூடி வெச்சிருக்கான்'பாரு. போன வெச்சதும் வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லுவாரு. பேசிட்டல்ல, கெளம்பியிருப்பன்னு நெனப்பு. பொழுது எறங்கற வரைக்கும் பாப்பாரு. அப்புறம், அடுத்த வாரம் வருவான்பாரு. அஞ்சு மாசம் அதான்."

"அக்கா..."

"அழுவாத. சனம் பாக்குது." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இத ஊர்ல யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். மவன் எங்கயோ தூரத்துல இருந்தான், அதான் வர முடியலன்னு ஊரு நெனச்சிக்கிட்டு இருக்கு. இந்தா இருக்கற எடத்துல இருந்துக்கிட்டு வரலைன்னு தெரிஞ்சா ஒனக்குக் கேவலம் இல்ல. அந்த மனுசனுக்குக் கேவலம். பெத்த புள்ளகூட எட்டிப் பாக்கலைன்னு பேசுவாங்க. அதனால நீ கனடாவுலயே இரு. அங்கேருந்து வர ஆளு மூணு வருசத்துக்கு ஒரு வாட்டி வருவானா? அப்ப வா. அதுக்கு முன்ன வராத."

பஸ் வந்தது. இடம் பிடித்து என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள்.

8

இந்த ஒரு வருசத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவதில்லை. நான் கூப்பிட்டால் சில நாள் எடுப்பாள். நல்லா இருக்கியா, மாலா நல்லா இருக்கா, வெக்கறேன். அவ்வளவுதான்.

அப்பாவின் வருசத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். முதல் நாள் சாயங்காலம் விமானம் ஏறி, திருச்சியில் ராத்தங்கி, காலையில் பஸ் பிடித்து அரியலூர் வந்து இறங்கினேன். அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கா."

போனுக்குள் பாத்திரச் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன. அக்கா அங்கிருந்து விலகி எங்கோ போய் நின்று பேசினாள்.

"வூடு நெறைய சனம். போன வாரம்கூட ஒனக்கு லீவு இல்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப திடுதிப்புன்னு வந்து நின்னா என்ன சொல்லுவேன்? எல்லாருக்கும் தெரியணுமா?"

"ஒரு ஓரமா நின்னு கும்புட்டுட்டுப் போயிடறேங்க்கா."

"போயிடு தம்பி" என்றாள். கெஞ்சுவது போல இருந்தது. ஒரு வருசத்தில் அன்றைக்குத்தான் தம்பி என்றாள்.

ஒரு டீ வாங்கிக் குடித்தேன். திருச்சி பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன். அப்போது யாரோ என் கையைத் தொட்டார்கள். திரும்பினேன். மாரிமுத்து மாமா. அப்பாவோடு பத்து வருசம் ஒரே லாரியில் ஓடியவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். இப்போது தடித்த கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ரோஜா மாலை.

"நீ... டிரைவர் கோவிந்தசாமி மவன்தானே?"

"இல்லீங்க" என்றேன்.

கண்ணாடியை நகர்த்திக்கொண்டு பார்த்தார். "அச்சு அசல் அவரு நிக்கற மாதிரியே இருந்துச்சு."

"நான் பெரம்பலூருங்க."

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. கண்ணு ஆபரேசன் பண்ணதுலேருந்து இப்படித்தான். அவருக்கு இன்னைக்கு வருசம், அங்கதான் போயிக்கிட்டிருக்கேன். அதே நெனப்புல வந்தேனா..."

ஜெயங்கொண்டம் பஸ் வந்து நின்றது. அவருக்குப் படியேற முடியவில்லை. பையை வாங்கிக்கொண்டு கை கொடுத்து ஏற்றிவிட்டேன். அவர் உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்தேன். மாலை நசுங்காமல் இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருங்க தம்பி. பெரம்பலூர்ல யாரு வூடு? அப்பா பேரு என்ன?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். கம்பியைப் பிடித்தபடி வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன். தெரியவில்லையே என்பது போல அவர் தலையை ஆட்டினார். நான் இறங்கிக்கொண்டேன்.